அத்தைக்குப் பூ கட்டிப் பார்த்தது

விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் அந்த வாசனை வரும். பகல் முழுக்க எங்கள் வீட்டு இரும்பு கேட்டின் மேல் வளைந்து கிடக்கிற கொடிக்கு ஒரு மணமும் இருக்காது. வெயில் கரும்புத் தோட்டத்துக்குப் பின்னால் இறங்கி, மாடுகளைக் கட்டி முடித்து, அம்மா கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வருகிற அந்தக் கொஞ்ச நேரத்தில், யாரோ பக்கத்தில் பழம் அரிந்து வைத்ததுபோல ஒரு தித்திப்பு வாசலில் வந்து நிற்கும். தெருவில் விளையாடிக்கொண்டிருக்கிற நானும் தம்பியும் மற்ற பிள்ளைகளும் அதை வைத்தே மணி ஆறரை ஆகிவிட்டது, இனி யாராவது காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வருவார்கள் என்று தெரிந்துகொள்வோம்.

ரங்கூன் மல்லி என்று அதற்குப் பெயர் இருப்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். குருவிநத்தத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது "தேன்பூ". விரல் நீளத்துக்கு மெல்லிய பச்சைக் குழல், அதன் நுனியில் ஐந்து இதழ், அவ்வளவுதான் பூ. குழலைக் கிள்ளி உறிஞ்சினால் நாக்கு நுனியில் ஒரு சொட்டு இனிப்பு படும். அந்தச் சொட்டுக்காக நாங்கள் பறித்துப் போட்ட பூக்களைக் கூட்டி அள்ளினால் ஒரு கூடை தேறும். பழகிப் பழகி, தேன்பூவைக் கையில் எடுத்தால் குழலைக் கிள்ளாமல் என் விரல் சும்மா இருக்காது என்கிற நிலைமைக்கு வந்திருந்தேன். ஒரே கொத்தில் வெள்ளையும் ரோஸும் சிவப்புமாகத் தொங்குவதைப் பார்த்து, இது மூன்று கலரில் பூக்கிற கொடி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார், நினைத்திருந்தால்.

கொடியை வைத்தது வசந்தா அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. மதகடிப்பட்டில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனவள், அந்த வீட்டு வாசலில் இருந்த கொடியில் ஒரு குச்சியை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி, இரண்டு பஸ் மாறி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இது இன்னா, திங்கறதுக்கா விக்கறதுக்கா? ஒரு அவரக் கொடி போட்டாலும் கொழம்புக்கு ஆவும்" என்றார். அவருக்கு மண்ணில் வைக்கிற எதுவும் ஒன்று சோறாக வேண்டும், இல்லையென்றால் மாட்டுக்குத் தீனியாக வேண்டும். அத்தை யாருக்குமே பதில் பேச மாட்டாள். பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றி ஊற்றியே இரண்டு வருஷத்தில் கொடியைக் கேட்டின் உச்சிக்கு ஏற்றிவிட்டாள்.

தாத்தாவும் ஆயாவும் அத்தை சின்னப் பெண்ணாக இருக்கும்போதே போய்விட்டார்கள். வளர்த்து ஆளாக்கியது அப்பாதான். அந்த நன்றியே அத்தையின் வாயை அடைத்துவிட்டது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. எனக்குப் பத்து வயசாகும்போது அவளுக்கு முப்பத்தொன்று முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், பஜ்ஜி சாப்பிடுவார்கள், நிலம் எத்தனை குழி என்று கேட்பார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். சொல்லி அனுப்ப மாட்டார்கள். "பூக்கற வயசெல்லாம் போயிட்ச்சி" என்று தெருக்குழாயில் ஒரு பெண் அத்தையின் காதுபடவே சொன்னாள். அத்தை குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். நான் மட்டும் திரும்பி அந்தப் பெண்ணுக்கு நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டு ஓடினேன்.

அப்போதுதான் திருக்கனூரிலிருந்து அந்த வரன் வந்தது. சொந்தமாக உரக்கடை வைத்திருந்தவர். நெற்றி ஏறிய தலை, குடை பிடித்துக்கொண்டு வந்தார். வந்தவர்கள் எல்லாம் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் கேட்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் உள்ளே வந்து, "இந்தக் கொடிய யாரு வெச்சது?" என்று கேட்டார். இப்படி ஒரு கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை. "எங்க அத்த" என்று நான்தான் கத்தினேன். அவர் சமையலறைப் பக்கம் பார்த்து, "எங்க கட முன்னால வெக்க ஒரு பதியன் கெடைக்குமா?" என்றார். அத்தை கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், முந்தானையால் வாயை மூடிக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதற்கு முன்னால் எந்தப் பெண் பார்க்கும் நாளிலும் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்பாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஆள் நல்லவன்தான், ஆனால் ஒரு குழி நிலம் கிடையாது. கடையை நம்பி எப்படிப் பெண்ணைக் கொடுப்பது, மழை வந்தால் கடைக்குள்ளே நெல்லா விளையும் என்று அம்மாவிடம் மூன்று நாள் புலம்பினார். கடைசியில், "பூ கட்டிப் பாத்துடலாம். ஆத்தா இன்னா சொல்றாளோ அதான்" என்றார்.

போர்வெல் போடுவது, கிடாரியை விற்பது, கல்யாணம், எதுவானாலும் எங்கள் வீட்டில் பூ கட்டிப் பார்க்காமல் நடக்காது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனியாக வாழை இலைத் துண்டில் வைத்து, எது எதுவென்று தெரியாதபடி ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டி, வியாழக்கிழமை விளக்கு வைத்ததும் மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். ஒரு ராத்திரி, ஒரு பகல் அம்மன் பார்வையில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வயசுக்கு வராத பெண் ஒன்று ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது, ஆற்றில் விட்டுவிட வேண்டும். பூவைப் பறிப்பதும் அதே பெண்தான் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பதவியில் இருந்தது நான்.

சிவப்புக்குச் செவ்வரளி, அது கிணற்றடியிலேயே இருந்தது. வெள்ளைக்கு நந்தியாவட்டை. அதற்குத் தெருக்கோடிப் பிள்ளையார் கோவிலுக்குப் போக வேண்டும். "வெளிச்சம் இருக்கறப்பவே போய்ப் பறிச்சிட்டு வா பாப்பா" என்று அம்மா மூன்று முறை சொன்னாள். நான் தெருவில் கட்டம் கிழித்துப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன். ஜெயிக்கிற ஆட்டம். ஜெயித்து முடித்துத் தலையைத் தூக்கினால் இருட்டிவிட்டது, கோவில் பக்கம் ஒரு செவலை நாய் குட்டி போட்டு வைத்துக்கொண்டு போகிறவர் வருகிறவரையெல்லாம் துரத்திக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் கொடி முழுக்க அப்போதுதான் மலர்ந்த வெள்ளைப் பூ. நந்தியாவட்டைக்கும் ஐந்து இதழ், இதற்கும் ஐந்து இதழ், அம்மனுக்கு எது எதுவென்று தெரியவா போகிறது என்று ஒன்றைப் பறித்தேன். கை பழக்கத்தில் குழலைக் கிள்ளி உறிஞ்சியும் விட்டேன். சாமிக்கு வைக்கிற பூவை எச்சில் படுத்திவிட்டோமே என்கிற பயம்தான் அன்றைக்கு எனக்கு இருந்தது. பாவாடையில் துடைத்து அம்மாவிடம் கொடுத்தேன். கரண்ட் இல்லை. சிம்னி விளக்கு வெளிச்சத்தில் அம்மா அதை வாங்கி, பார்க்காமலேயே மடித்துக் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைக்குக் குளிக்க வைத்து, என்னைப் படத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். அத்தை தூணோரம் நின்றிருந்தாள். அன்றைக்கு அவள் மஞ்சள் பூசிக் குளித்திருந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, வெள்ளை வரணும், வெள்ளை வரணும் என்று மனசுக்குள்ளேயே சொல்லி, இடது பக்கப் பொட்டலத்தை எடுத்தேன். அப்பா பிரித்தார். வாடிச் சுருங்கிய ஐந்து இதழ், சிவப்பு. அரளி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். "ஆத்தா வேணான்னுட்டா" என்று அப்பா சொன்னார். அவருக்கு ஒரு பாரம் இறங்கின மாதிரிதான் இருந்தது. அத்தை அடுப்படிக்குப் போனாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பே இல்லை, அதை யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் மிச்சமிருந்த பொட்டலத்தை ஆற்றில் விட அத்தை தானே போகிறேன் என்றாள். துணைக்கு நான். பெண்ணையாற்றில் அப்போது முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை தண்ணீரில் இறங்கி நின்று பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், நான் இருப்பதையே மறந்தவளாக, நாரை அவிழ்த்தாள்.

"அத்த, பிரிக்கக் கூடாது!" என்று கத்தினேன்.

"அந்த வெள்ளப் பூவ ஒரு தரம் பாத்துட்டு வுட்டுடறேன்டி" என்றாள். இலையை விரித்தாள். உள்ளே இருந்தது செவ்வரளி.

அவள் பூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் பார்வையில் கோபமே இல்லை. "நேத்து பிரிச்சது இன்னா பூவுடி?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் அழ ஆரம்பித்து, பாண்டி ஆட்டம், செவலை நாய், எச்சில் படுத்தினது எல்லாவற்றையும் கொட்டினேன். "வெள்ளையாத்தான் பறிச்சேன் அத்த, சத்தியமா வெள்ளையாத்தான் பறிச்சேன்." அத்தை என் மூக்கைத் துடைத்துவிட்டாள். "அது சாயங்காலத்துல வெள்ளையாத்தான் பூக்கும். மறுநாள் காலையில ரோஸாவும், சாயங்காலத்துக்குள்ள செவந்து போவும். அதும் சுபாவம் அப்படி. எனக்கே ஒரு வருஷம் கழிச்சித்தான் தெரிஞ்சிது" என்றாள். பிறகு அரளியை மறுபடி இலையில் மடித்துக் கட்டித் தண்ணீரில் விட்டாள். அது சுற்றிச் சுற்றிப் போவதைப் பார்த்துக்கொண்டே, "வூட்ல சொல்லாத. உங்கப்பா தோல உரிச்சிடுவாரு" என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒன்று மட்டும் புரிந்துகொண்டே இருந்தது. இரண்டு பொட்டலத்திலும் சிவப்புதான் இருந்திருக்கிறது. நான் எந்தப் பக்கம் கை நீட்டியிருந்தாலும் அத்தைக்குக் கல்யாணம் இல்லை. அம்மன் செய்யலாம் என்று சொல்ல நினைத்திருந்தாலும் சொல்வதற்கு அவளிடம் ஒரு வெள்ளைப் பூ இல்லை. அந்த வயசில் இதை இப்படி வார்த்தையாகச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சைக்கிளை வெளியே எடுத்தார். பாகூர் போய்ப் பாண்டி பஸ் பிடித்து, அங்கிருந்து திருக்கனூர் போய், நேரிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதாக ஏற்பாடு. தபாலில் சொல்வது மரியாதை இல்லை என்பார். அவர் கேட்டைத் திறக்கும்போது நான் போய் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா பாப்பா, பன் வாங்கியாரணுமா?" என்றார் அப்பா. அவர் அப்படிச் செல்லமாகக் கேட்டதுதான் என்னை உடைத்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். அவர் அடிக்கவில்லை. அதைவிட மோசமாக ஒன்று கேட்டார். "யாருடி உனுக்கு இத சொல்லிக் குடுத்தது?" கேட்டபடியே அவர் பார்வை கைப்பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த அத்தையிடம் போனது. பம்பு நின்றது. அத்தையின் முகத்தில் ரத்தமே இல்லை. என்னைத் தூண்டிவிட்டுத் தன் கல்யாணத்தைத் தானே கேட்கிறாள் என்று ஆகிவிட்டது. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் இன்னும் கெடுத்தேன். "இல்லப்பா, அத்த சொல்லவே கூடாதுன்னுச்சு!"

"அப்ப உனுக்கும் தெரியுமா?" என்றார் அப்பா. அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். "தெரிஞ்சும் ஏன் வசந்தா சொல்லல?"

"நான் எப்பிடிண்ணா சொல்றது?" என்றாள் அத்தை.

அப்பா சைக்கிளைத் திரும்ப உள்ளே தள்ளினார். பிறகு வெள்ளை வேட்டியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுக் கைலி கட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விதை நெல்லை அவர் யார் சொல்லையும் வைத்து நம்ப மாட்டார். நூறு நெல்லை எண்ணி ஈரச் சாக்கில் முடிந்துவைத்து, மூன்றாம் நாள் பிரித்து, எத்தனை முளைத்திருக்கிறது என்று தானே எண்ணிப் பார்த்த பிறகுதான் நாற்றங்காலுக்குப் போவார். அன்றைக்குச் சாயங்காலம் வயலிலிருந்து வந்தவர் கால்கூடக் கழுவாமல் கேட்டுக்குக் கீழே நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கொடியை அண்ணாந்து பார்த்தார். அப்போதுதான் விரிந்த வெள்ளைப் பூவாகப் பார்த்து மூன்றைப் பறித்தார். என்னைக் கூப்பிட்டு, "கிள்ளு" என்றார். மூன்று குழலையும் கிள்ளினேன். உறிஞ்சவில்லை. தானே வாழை இலையில் கட்டி, நெல் மூட்டைக்கு மேலே வைத்தார். மறுநாள் முழுக்க அதைத் தொடவும் இல்லை, யாரையும் தொடவிடவும் இல்லை. அந்த ஒரு நாளில் நான் எத்தனை தடவை அந்த மூட்டையைச் சுற்றி வந்தேன் என்று கணக்கில்லை. இந்தத் தடவை பார்த்துச் சிவக்காமல் போய்விட்டால், நான் பொய்க்காரி, அத்தை அதைவிட மோசம்.

திங்கட்கிழமை விளக்கு வைத்ததும் அப்பா பொட்டலத்தைக் கூடத்துக்கு எடுத்துவந்து பிரித்தார். மூன்றும் வாடிச் சிவந்து கிடந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து, விளக்கருகே கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா மெதுவாக, "நந்தியாவட்டைய வெச்சி இன்னொரு தரம் கட்டிப் பாத்துடலாமே" என்றாள். அப்பா தலையை ஆட்டினார். "ஆத்தாவ எத்தினி தரம் தொந்தரவு பண்றது?" பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "வசந்தா, உனுக்கு இன்னா தோணுது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் யாரும் அத்தையிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. குழம்புக்கு என்ன காய் என்றுகூட அம்மாவைத்தான் கேட்பார்கள். கரண்டி பாத்திரத்தில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்பா பொறுமையாக நின்றார், அது அவருக்குப் பழக்கமே இல்லாத காரியம். கடைசியில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நாளைக்கிச் செவ்வாக்கெழம. பொதன்கெழம போண்ணா."

அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நான் குதித்த குதியில் படத்துக்கு முன்னால் இருந்த விபூதித் தட்டு கவிழ்ந்தது.

இப்போது அந்த வீடு இல்லை. அப்பா போன பிறகு தம்பி அதை இடித்து மாடி கட்டினான். கார் நிறுத்த போர்டிகோ வேண்டும் என்று கேட்டையும் கொடியையும் ஒரே நாளில் எடுத்தார்கள், அவன் எனக்கு போனில் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. அவனைக் குறை சொல்லி என்ன, நானும் வில்லியனூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன், என்னிடம் இருப்பது ஒரு துளசித் தொட்டிதான். பெண்ணையாற்றில் இறங்கி நிற்கப் பல மாதங்கள் தண்ணீர் இருப்பதில்லை. பூ கட்டிப் பார்க்கிற வழக்கமும் எங்கள் குடும்பத்தில் நின்றுபோனது, அதற்காக நான் வருத்தப்படவில்லை. தம்பி மகள் தன் மாப்பிள்ளையைத் தானே கூட்டிக்கொண்டு வந்து அறிமுகப்படுத்தினாள், வீட்டில் அரை மணி நேரம் சத்தம் போட்டார்கள், பிறகு சாப்பிட்டார்கள்.

போன மாதம் திருக்கனூருக்குப் போயிருந்தேன். அத்தைக்கு எழுபது நெருங்குகிறது, முழங்கால் வலி. கடையை மகனிடம் விட்டுவிட்டு மாமா வீட்டோடு இருக்கிறார். பின்கட்டில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பழைய கதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, இத்தனை வருஷமாகக் கேட்கப் பயந்துகொண்டிருந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு நான் வாயத் தெறக்கலன்னா, நீயே அப்பாகிட்ட சொல்லியிருப்ப இல்ல அத்த?"

சொல்லியிருப்பேன் என்று அவள் சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் எனக்கு மனசு லேசாகியிருக்கும். அத்தை யோசித்தாள். கால் முட்டியைத் தேய்த்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தாள்.

"மாட்டேன்டி" என்றாள். "சத்தியமா மாட்டேன். அண்ணன் பஸ் ஏறிப் போயிருக்கும். நான் அடுப்படியில இருந்திருப்பேன். அவ்ளோதான்."

அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஒரு முழு ஆயுள், ஒரு காலை நேரத்தில் பத்து வயசுப் பெண் ஒருத்தி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுததில் தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளேயிருந்து மாமாவின் குரல் கேட்டது. "வசந்தா, சோறு வடிச்சிடவா, இன்னும் ஒரு கொதி வரணுமா?"

"முப்பது வருஷத்துக்கு மேல ஆவுது" என்று அத்தை என்னிடம் அலுத்துக்கொண்டாள். "இன்னும் எதுக்கெடுத்தாலும் என்னக் கேட்டாவணும் இந்த மனுஷனுக்கு." சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே போனாள்.